லூயிஸ் ரீஸ்-ஸாமிட்: அமெரிக்கா போய் வந்த காலம் வீணா?

கோட்டோரம்:

வேல்ஸ் ரக்பி அணியின் விங் (ஓரத்தில் நின்று ஓடுகிற ஆட்டக்காரர்) ரீஸ்-ஸாமிட்டைப் பற்றி, ஐரோப்பாவின் ஆறு நாட்டுப் போட்டியான சிக்ஸ் நேஷன்ஸ் இழையில் ஆளாளுக்கு இரண்டு வரி சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆட்டம் பேச வந்தவர்கள் எரிச்சல்படுகிறார்கள். அதனால் இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2001இல் கார்டிஃபுக்குப் பக்கத்தில் பெனார்த்தில் பிறந்தவர். அப்பா வழியில் மால்டா வம்சம். பதினெட்டு வயதிலேயே இங்கிலாந்தின் குளாஸ்டர் அணிக்காக இறங்கினார். 2020 அக்டோபரில் பிரான்ஸுக்கு எதிராக வேல்ஸ் சட்டை. அடுத்த ஆண்டே வேல்ஸ் சிக்ஸ் நேஷன்ஸ் பட்டம் வென்றது, அதில் இவர் 4 ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றுவது). எடின்பரோவில் ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட் ஹாக் தலைக்கு மேலே பந்தைக் காலால் தட்டிவிட்டு, தானே ஓடிப்போய்ப் பிடித்துப் போட்டாரே, அந்த ட்ரை இன்னும் கண்ணில் நிற்கிறது. 20 வயதில் பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு அணியான லயன்ஸோடு தென்னாப்பிரிக்கா. 2023 உலகக் கோப்பையில் 5 ட்ரை, அதில் மூன்று ஜார்ஜியாவுக்கு எதிராக.

பிறகு 2024 ஜனவரி 16. சிக்ஸ் நேஷன்ஸ் அணியை வேல்ஸ் பயிற்சியாளர் கேட்லண்ட் அறிவிப்பதற்குச் சற்று முன்னால், "ரக்பியை விட்டு அமெரிக்கன் ஃபுட்பால் ஆடப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கேன்ஸஸ் சிட்டி, ஜாக்சன்வில் என்று சுற்றிவிட்டு, ஒரு முறையான லீக் ஆட்டம்கூட ஆடாமல் 2025 ஜூலை கடைசியில் திரும்பி வருவதாக அறிவித்தார். இப்போது பிரிஸ்டல் பேர்ஸ்.

என் கட்சி: விங் வீரனுக்கு 23, 24 வயது திரும்பக் கிடைக்காது. அதைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டிவிட்டார். மற்றவர்கள் சொல்லுங்கள்.

ஏழாம்நம்பர்:

பணம்தான் சார். சுற்றி வளைத்துப் பேச வேண்டியதே இல்லை.

செவர்ன்கரை:

ஏழாம்நம்பர், கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். 2024இல் முதல் ஆண்டு வீரருக்கு என்.எஃப்.எல். (அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீக்) குறைந்தபட்சச் சம்பளம் 7,95,000 டாலர். பெரிய தொகைதான். ஆனால் அது 53 பேர் கொண்ட பிரதான அணியில் இடம் கிடைத்தால் மட்டும். இவருக்குக் கடைசியில் கிடைத்தது ப்ராக்டிஸ் ஸ்குவாட், அதாவது பயிற்சிக்கு மட்டுமான குழு. அதற்கு அந்த ஆண்டு குறைந்தபட்சம் வாரத்துக்கு 12,500 டாலர், அதுவும் சீசன் நடக்கும் வாரங்களுக்கு மட்டும். எந்த வாரமும் பெட்டியைக் கட்டு என்று சொல்லிவிடலாம்.

பணம்தான் குறி என்றால் பிரான்ஸும் ஜப்பானும் கண் முன்னால் இருந்தன. லயன்ஸ் போய் வந்த, 22 வயது விங் வீரனை எந்தப் பிரெஞ்சு முதலாளி வேண்டாம் என்பார்? கார் கண்ணாடிக்குப் பின்னால் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நிற்பார்கள். அதை விட்டுவிட்டு, பேர் தெரியாத ஆளாகப் போய் வரிசையின் கடைசியில் நின்றவனைப் பணத்தாசைக்காரன் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இவருடைய அப்பாவே இளமையில் கார்டிஃபில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர். சின்ன வயதிலிருந்து வீட்டில் ஓடிய கனவு அது.

பந்துபொறுக்கி:

ஒரு அடிப்படைச் சந்தேகம், திட்டாதீர்கள். இரண்டிலும் பந்து முட்டை வடிவம், இரண்டிலும் ஓடினால் ஆளைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். இவ்வளவு வேகமான ஆள் அங்கேயும் ஓடிவிட்டுப் போக வேண்டியதுதானே? எங்கே இடித்தது?

நாற்பதுகஜம்:

நான் இருப்பது அமெரிக்காவில், ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்த ஆட்டம்தான். விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் வேகம். 2024 மார்ச்சில் தம்பாவில், ஆள் தேர்வு செய்கிறவர்கள் முன்னால் இவர் 40 கஜத்தை 4.43 வினாடியில் ஓடினார். நல்ல நேரம். ஆனால் அந்த ஊரில் அது அபூர்வம் இல்லை. அதே மாதத் தொடக்கத்தில் சேவியர் வொர்தி என்ற கல்லூரிப் பையன் 4.21இல் ஓடிச் சாதனையே படைத்தான். மார்ச் கடைசியில் கேன்ஸஸ் சிட்டி சீஃப்ஸ் ரீஸ்-ஸாமிட்டை ஒப்பந்தம் செய்தது. ஏப்ரலில் அதே சீஃப்ஸ், கல்லூரி வீரர்களை அணிகள் பங்கிட்டு எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே வொர்தியையும் எடுத்துக்கொண்டது. வேல்ஸில் இவரைத் துரத்திப் பிடிக்க ஆளில்லை. போன இடத்தில் பக்கத்து அலமாரிக்காரனே இவரைவிட வேகம்.

இரண்டாவது, ஓடுகிற விதம். ரக்பி விங்குக்குப் பந்து வரும்போது, பெரும்பாலும் முன்னால் கொஞ்சம் இடம் இருக்கும். பார்த்து, வேகம் பிடித்து, எதிராளியை ஒரு பக்கம் சாய்க்க வைத்து மறுபக்கம் போகலாம். அங்கே பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக்குக்கு அந்த அவகாசம் கிடையாது. கையில் பந்து வந்த அடுத்த கணம், முன்னால் 140 கிலோ ஆட்களுக்கு நடுவில் ஒரு சந்து திறக்கும், மூடும். நிமிர்ந்து ஓடினால் நெஞ்சில் அடி. தோளைத் தாழ்த்தி, எந்தச் சந்து திறக்கும் என்று ஊகித்துப் போக வேண்டும். இதைப் பத்து வயதிலிருந்து ஆடுகிறவர்கள் உடம்பால் செய்கிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பந்து இல்லாதபோது செய்கிற வேலை. குவார்ட்டர்பேக் பந்தை எறியத் தயாராகும்போது, அவரை நோக்கி வருகிறவனை நடுவில் போய் மறிப்பது ரன்னிங் பேக்கின் பொறுப்பு. எவன் வருவான், எவன் வருவது மாதிரி நடிப்பான் என்று ஆட்டம் தொடங்குமுன் எதிரணி நிற்கும் விதத்தை வைத்தே படித்துவிட வேண்டும். ரக்பியில் பந்து இல்லாதவனை மறித்தால் பெனால்டி. வாழ்நாள் முழுக்கக் குற்றம் என்று பழகியதை, இங்கே கடமையாகச் செய்யச் சொல்கிறார்கள். தப்பாகச் செய்தால் அடி வாங்கப்போவது சீஃப்ஸின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். எந்தப் பயிற்சியாளர் அந்தத் துணிச்சலுக்குப் போவார்?

பந்துபொறுக்கி:

அப்படியென்றால் சீஃப்ஸ் எதற்காகத்தான் எடுத்தது? காட்சிக்கா?

நாற்பதுகஜம்:

இல்லை, அதில் ஒரு கணக்கு இருந்தது. கிக்ஆஃப்.

ஒவ்வொரு முறை புள்ளி எடுத்த பிறகும் ஒரு அணி உதைக்கும், மறு அணி பிடித்துத் திரும்ப ஓடும். இது காயம் அதிகம் வருகிற கட்டம் என்று வருடா வருடம் விதியை இறுக்கி, கடைசியில் ஓட்டமே செத்துவிட்டது. 2024 பிப்ரவரி சூப்பர் பவுலில் (லீகின் இறுதி ஆட்டம்) ஒரு கிக்ஆஃபைக்கூட யாரும் திருப்பி ஓடவில்லை. அத்தனையும் கோல் கோட்டைத் தாண்டிப் போய், ஓட்டம் இல்லாமலே முடிந்தன. அந்த மார்ச்சில் விதியை அடியோடு மாற்றினார்கள். இரண்டு அணியும் கிட்டக் கிட்ட நிற்க வேண்டும், பந்து தரையிலோ பிடிக்கிறவன் மேலோ படும் வரை பெரும்பாலோர் நகரக் கூடாது, பந்து ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள் விழ வேண்டும். திடீரென்று, திறந்த வெளியில் பந்தைப் பிடித்து ஓடுகிற ஆளுக்கு மதிப்பு வந்தது. ரீஸ்-ஸாமிட் ஒப்பந்தம் ஆனதும் அதே நாட்களில்தான்.

ஆனால் ரக்பியிலிருந்து வந்தவருக்கு என்று ஒதுக்கிய இடம் இல்லையே அது. அதே வேலைக்கு மெகோல் ஹார்ட்மன் மாதிரி பழுத்த ஆட்களும் போட்டியில் நின்றார்கள். பயிற்சி முகாமுக்கு 90 பேர் வருவார்கள், ஆகஸ்ட் கடைசியில் 53 ஆகக் குறைப்பார்கள். 2024இல் அந்த நாள் ஆகஸ்ட் 27. இவர் பெயர் நீக்கப்பட்டவர்களில் வந்தது. இரண்டு நாளில் ஜாக்சன்வில் ஜாக்வார்ஸ் ப்ராக்டிஸ் ஸ்குவாடில் சேர்த்துக்கொண்டது.

ப்ராக்டிஸ் ஸ்குவாட் என்றால் வாரம் முழுக்க எதிரணியின் ஆட்டத்தைப் போல ஆடிக்காட்டிப் பிரதான அணியைத் தயார் செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சீருடை கிடையாது. கல்யாண வீட்டில் மூன்று நாள் சமைத்துவிட்டு, பந்திக்கு உட்காராமல் போகிற ஆள். அந்த அக்டோபரில் ஜாக்வார்ஸ் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் லண்டனில் ஆடியது, டாட்டனம் மைதானத்தில் ஒன்று, வெம்ப்ளியில் ஒன்று. அப்போதாவது இறக்குவார்கள் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எதிர்பார்த்தன. இறக்கவில்லை.

கோட்டோரம்:

நாற்பதுகஜம் எழுதியது எல்லாம் என் கட்சிக்குத்தான் பலம். இவ்வளவும் போவதற்கு முன்பே தெரிந்த விஷயம். கிறிஸ்டியன் வேட் இருக்கிறாரே? இங்கிலாந்து விங், 2019இல் பஃபலோ பில்ஸ் என்ற என்.எஃப்.எல். அணி. முன்சீசன் ஆட்டத்தில் முதன்முதலாகப் பந்தைத் தொட்டதுமே 65 கஜம் ஓடி டச்டவுன் (ட்ரை மாதிரி). அப்படிப்பட்ட தொடக்கம் கிடைத்தவருக்கே ஒரு லீக் ஆட்டம் கிடைக்கவில்லை. கடைசியில் ரக்பிக்கே திரும்பி ராசிங், குளாஸ்டர் என்று ஆடினார். பாதையில் பள்ளம் இருக்கிறது என்று பலகை வைத்த பிறகும் அதே வழியில் போவானேன்?

மலைமேடு:

ஜோர்டன் மைலாட்டா?

நாற்பதுகஜம்:

மைலாட்டாவை யாராவது இழுப்பீர்கள் என்று தெரியும். சிட்னியில் ரக்பி லீக் (ரக்பியின் 13 பேர் வகை) ஆடிய பையன், ஆறடி எட்டு அங்குலம். 2018இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டிராஃப்டின் கடைசிச் சுற்றில் எடுத்தது. அதற்கு முன் அமெரிக்கன் ஃபுட்பால் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. முதல் இரண்டு சீசன் களத்திலேயே இறங்கவில்லை. 2020இல்தான் அறிமுகம். 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் மோதிரம், அதுவும் 40-22 என்று தோற்கடித்தது யாரை? அதே கேன்ஸஸ் சிட்டியை.

வித்தியாசம் என்னவென்றால் அவர் ஓட வேண்டியதில்லை. இடது பக்கம் சுவர் மாதிரி நின்று மறிக்கிற வேலை. அந்த உடம்பு உலகத்திலேயே சிலருக்குத்தான் உண்டு, அதனால் இரண்டு வருடம் காத்திருந்து சொல்லிக்கொடுத்தார்கள். வேகமாக ஓடுகிறவனுக்கு யாரும் காத்திருப்பதில்லை. அடுத்த ஏப்ரலில் இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

பழையஏடு:

எல்லோரும் இதைப் புதுக் கதை மாதிரி பேசுகிறீர்கள். வேல்ஸ்காரர்களுக்கு இது பழக்கமான கதை. 1971இலேயே ஒரு வேல்ஸ் ஃபுல்பேக் (எல்லோருக்கும் பின்னால் நிற்பவர்) பஃபலோ பில்ஸுக்குப் போனார். டெர்ரி ப்ரைஸ். லனெத்லி அணிக்காரர், வேல்ஸுக்கு ஆடியவர், பிறகு பிராட்ஃபர்ட் நார்தர்ன் ரக்பி லீக், அங்கிருந்து பில்ஸில் உதைப்பவராகச் சேரப் பார்த்தார். நிலைக்கவில்லை.

அதைவிடப் பெரிய கதை வடக்கே போனவர்களுடையது. 1995 வரைக்கும் ரக்பி யூனியனில், அதாவது நாம் பேசுகிற 15 பேர் ஆட்டத்தில், சம்பளம் கிடையாது. நிலக்கரியும் எஃகும் நம்பியிருந்த ஊர்களில் நல்ல விளையாட்டுக்காரன் தலையெடுத்தால், வடக்கு இங்கிலாந்திலிருந்து லீக் கிளப்காரர்கள் காசோலையோடு வந்துவிடுவார்கள். கையெழுத்துப் போட்டவன் யூனியனுக்கு அந்நியன். திரும்பி வந்து ஆடவே முடியாது.

ஜோனதன் டேவிஸ் 1988 டிசம்பரில் வேல்ஸ் கேப்டனாக இருந்து சொந்த மண்ணில் ருமேனியாவிடம் தோற்றார். 1989 ஜனவரியில் விட்னெஸ் லீக் அணிக்குப் போய்விட்டார், இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல். சின்ன உடம்பு, லீக் ஆட்கள் நொறுக்கிவிடுவார்கள் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். 1994இல் வெம்ப்ளியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, ஷான் எட்வர்ட்ஸ் சிவப்பு அட்டை வாங்கி பிரிட்டன் 12 பேரோடு ஆடிக்கொண்டிருந்தபோது, வலது ஓரத்தில் ஒரு ட்ரை போட்டார் பாருங்கள். 8-4 வெற்றி. அடுத்த ஆண்டு யூனியனில் சம்பளம் அனுமதிக்கப்பட்டதும் கார்டிஃபுக்குத் திரும்பி வந்தார், ஆனால் வயது முப்பத்து மூன்று.

அப்புறம் பில்லி பாஸ்டன். கார்டிஃப் துறைமுகப் பகுதியான டைகர் பேயில் பிறந்தவர். கறுப்பினத்தவருக்கு வேல்ஸ் யூனியன் சட்டை கிடைக்கிற காலம் இல்லை அது. 1953இல் விகன் லீக் அணிக்குப் போனார், வாழ்நாளில் 571 ட்ரை. 2025இல்தான் "சர்" பட்டம், ரக்பி லீக் வீரர் ஒருவருக்குக் கிடைத்த முதல் பட்டம். சொந்த ஊரில் சிலை வைக்கவே 2023 ஆனது. இவர்களுக்கெல்லாம் கதவு அடைத்திருந்தது, அதனால் போனார்கள். ரீஸ்-ஸாமிட்டுக்குக் கதவு இரண்டு பக்கமும் திறந்தே இருந்தது. எனக்கு அவர்மேல் கோபமும் இல்லை, பெரிய அனுதாபமும் இல்லை.

ஏழாம்நம்பர்:

பழையஏடு ஐயா, வணக்கம். டெர்ரி ப்ரைஸ் செய்தி எனக்குப் புதிது.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் பேசவில்லை. இவர் போனதால் வேல்ஸ் பட்ட பாடு. 2024 சிக்ஸ் நேஷன்ஸில் ஐந்தும் தோல்வி, 2003க்குப் பிறகு முதல் முறையாகக் கடைசி இடம். ஸ்காட்லாந்திடம் 27-26, இங்கிலாந்திடம் 16-14, இத்தாலியிடம் 24-21. இந்த மூன்றிலும் ஒரே ஒரு ட்ரை கூடியிருந்தால்?

செவர்ன்கரை:

வித்தியாசம் வந்திருக்கலாம். மறுக்கவில்லை. இன்னொரு கணக்கு சொல்கிறேன், இன்னும் வலிக்கும். வேல்ஸ் தொடர்ந்து 18 டெஸ்ட் (சர்வதேச ஆட்டம்) தோற்றது. அந்தச் சரிவுக்கு முந்தைய கடைசி வெற்றி எது? 2023 அக்டோபரில் நாந்த் நகரில் ஜார்ஜியாவை 43-19 என்று ஜெயித்தது, அதாவது ரீஸ்-ஸாமிட் மூன்று ட்ரை போட்ட ஆட்டம். சரிவு முடிந்தது 2025 ஜூலை 12, ஜப்பானில் கோபே நகரில், 31-22. அதே மாதக் கடைசியில் இவர் திரும்பி வருவதாக அறிவித்தார். நடுவில் கேட்லண்ட் பதவியை விட்டே போய்விட்டார்.

இதைப் பார்த்துவிட்டு "அவன் போனான், எல்லாம் போச்சு" என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த 18இல் முதல் தோல்வி, உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவிடம். அதில் இவர் ஆடினார். பிறகு வந்த தோல்விகளில் பல விங்குக்குப் பந்தே போகாத ஆட்டங்கள். ஸ்க்ரமில் பின்வாங்கி, லைன்அவுட்டில் பந்தைப் பறிகொடுத்து, சொந்தப் பாதியிலேயே எண்பது நிமிடம். ஓரத்தில் உசைன் போல்ட்டே நின்றாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். கிளப்களிடம் காசில்லை, 2025 ஏப்ரலில் கார்டிஃப் அணி திவால் நிலைக்குப் போய் வேல்ஸ் ரக்பியை நடத்தும் அமைப்பான யூனியனே எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. இந்த வியாதிக்கு ஒரு விங் மருந்தில்லை.

பந்துபொறுக்கி:

வெளிநாட்டில் ஆடினால் வேல்ஸ் அணியில் எடுக்க மாட்டார்கள் என்று எங்கோ படித்தேன். பிரிஸ்டல் இங்கிலாந்துதானே?

செவர்ன்கரை:

அந்த விதி 2017இல் 60 ஆட்டம் என்று வந்தது. வேல்ஸுக்கு 60 டெஸ்ட் ஆடாதவர் வெளியே ஒப்பந்தம் போட்டால் தேசிய அணி கிடையாது. முதலில் அடிபட்டவர் ரீஸ் வெப். டூலோனுக்குப் போக முடிவு செய்தபோது கையில் 28 டெஸ்ட். அதோடு 2019 உலகக் கோப்பை போச்சு. 2023 பிப்ரவரியில் ஒப்பந்தச் சண்டை முற்றி, இங்கிலாந்து ஆட்டத்தையே ஆட மாட்டோம் என்று வீரர்கள் நின்றார்கள். அந்தச் சமரசத்தில் 60 என்பது 25 ஆனது. ரீஸ்-ஸாமிட் முப்பது டெஸ்டைத் தாண்டியவர், அதனால் பிரிஸ்டலில் ஆடினாலும் வேல்ஸுக்கு வரலாம். 2025 நவம்பரில் வந்தும்விட்டார்.

கோட்டோரம்:

சரி, வேல்ஸுக்கு இழப்பா என்பதை விடுங்கள். ஆட்டத்துக்கு? திரும்பி வந்தவரை நான் கவனித்துப் பார்க்கிறேன். உடம்பு தடித்திருக்கிறது. நேர்கோட்டில் போகும்போது முன்பிருந்த அந்த வழுக்கல் குறைந்த மாதிரி எனக்குப் படுகிறது.

செவர்ன்கரை:

எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. அவரை பிரிஸ்டல் பயிற்சியாளர் பாட் லாம் ஃபுல்பேக்கில் நிறுத்தியது நல்ல யோசனை. விங்கில் நின்றால் பந்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஃபுல்பேக்கில் எதிரணி உதைக்கிற பந்தெல்லாம் தானாக வந்து சேரும். பின்னால் நின்று முழுக் களத்தையும் பார்த்து, உயரப் பந்தைப் பிடித்ததும் எந்தப் பக்கம் ஆள் குறைவு என்று முடிவெடுத்து ஓடலாம். யோசித்துப் பாருங்கள், கேன்ஸஸ் சிட்டி அவரிடம் எதிர்பார்த்த கிக்ஆஃப் வேலைக்கு ரக்பியில் மிகக் கிட்டத்தில் இருப்பது இதுதான். பிரிஸ்டலும் பந்தை உதைத்துத் தள்ளாமல் சொந்த எல்லையிலிருந்தே ஓடுகிற அணி.

ஆனால் உயரப் பந்தில் இன்னும் தடுமாற்றம் உண்டு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஜம்ப் நேரம் சரியாக வர ஒரு சீசன் ஆகும்.

மலைமேடு:

என் வோட்டு விங்குக்குத்தான். ஃபுல்பேக்கில் போட்டால் எண்பது நிமிடமும் ஓடி ஓடிக் களைத்துவிடுவார், கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த ஒரு வெடிப்பு கிடைக்காது.

பழையஏடு:

எந்த இடத்தில் நிறுத்தினாலும் சரி, ஆளைக் கூப்பிட அனுமதி இருக்க வேண்டுமே! 2025 நவம்பர் 29, கார்டிஃபில் தென்னாப்பிரிக்கா ஆட்டம். சர்வதேச ஆட்டங்களுக்கு ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே அதை வைத்தார்கள். விளைவு, இங்கிலாந்து, பிரான்ஸ் கிளப்களில் ஆடும் வேல்ஸ் வீரர்களை விட வேண்டிய கட்டாயம் கிளப்களுக்கு இல்லை. பத்துக்கு மேற்பட்டவர்கள் போச்சு, பிரிஸ்டல்காரரான இவரும் அதில் அடக்கம். ஸ்கோர் 73-0. ஒரு வாரம் முன்னால் நியூசிலாந்துக்கு எதிராக நான்கு ட்ரை போட்ட அணி.

பிரிஸ்டலிலிருந்து கார்டிஃப் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஏழாம்நம்பர்:

அந்த ஆட்டத்தை ஒப்புக்கொண்டதும் பணத்துக்காகத்தானே ஐயா? நான் முதல் வரியிலேயே சொன்னேன், ஆள்தான் வேறு.

செவர்ன்கரை:

ஹாஹா. டிக்கெட் வருமானம் யூனியனுக்குத் தேவை, அது நிஜம். அந்த வாதத்துக்குத் தனி இழை திறங்கள், வருகிறேன். இங்கே மலைமேடுக்கு ஒரு பதில் பாக்கி: கடைசிப் பத்து நிமிடத்துக்கு என்று விங்குக்கு மாற்றிவிடலாமே, மாற்று ஃபுல்பேக்கை இறக்கிக்கொண்டு?

மலைமேடு:

ஆறு ஃபார்வர்டை (ஸ்க்ரமில் தள்ளுகிறவர்கள்) மாற்று ஆட்களாக பெஞ்சில் உட்கார வைக்கிற காலத்தில் மாற்று ஃபுல்பேக்குக்கு எங்கே இடம் அண்ணா?